பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் கடைக்குப் பதினான்கு கிலோமீட்டர்

சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் நிம்மதியாக வாய் திறக்க முடியாது. மருத்துவம் படிக்கிறவர்கள் முதல் வருஷத்தில் தங்களுக்கே எல்லா வியாதியும் இருப்பதாக நினைத்துப் பயந்துபோவார்களாம். சட்டம் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. கூட இருக்கிறவர்கள்தான் அவஸ்தைப்பட வேண்டும். பால்காரர் ஒருநாள் வரவில்லையென்றால் ஒப்பந்த மீறல். பக்கத்து வீட்டு முருங்கை நம் பக்கம் சாய்ந்தால் அத்துமீறல். "குழம்புல உப்பு கம்மியா இருக்குதே" என்று அப்பா சொன்னதற்கு, "அதுக்கு சாட்சி இருக்குதா?" என்று கேட்ட ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அம்மா அவளுக்கு மறுசோறு போடவில்லை.

அந்தப் பெண் நான்தான். இப்போது திருவண்ணாமலையில் வக்கீலாக இருக்கிறேன். கறுப்புக் கோட்டு, ஒரு ஜூனியர், கதவில் பெயர்ப் பலகை எல்லாம் உண்டு. "உங்க முதல் கேஸ் எது மேடம்?" என்று அந்த ஜூனியர் ஆசையாகக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இனி மாற்றிப் பிரயோஜனமில்லை. போன வாரம் எங்கள் கடைக்குப் போய் அவளே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிட்டாள். அரைகுறையாக ஊர் முழுக்கப் பரவுவதற்கு முன் நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றும் பாதையிலேயே அப்பாவின் பெட்டிக்கடை. சோடா, கடலை மிட்டாய், வாழைப்பழம், கற்பூரம், சூடம் ஏற்றத் தீப்பெட்டி. இவற்றோடு பீடி, சிகரெட். கடை ஓரத்தில் எப்போதும் ஒரு கயிறு புகைந்துகொண்டே தொங்கும், சிகரெட் பற்றவைக்க. அந்தக் கயிற்றைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. "கடைல உக்காந்துட்டு வந்தா எம் புடவையெல்லாம் சுடுகாட்டு வாசனை" என்பாள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பது குற்றம் என்ற அரசாங்கப் பலகையை அப்பா ஒழுங்காக மாட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் அதற்கு முன்னால் வாழைத்தார் தொங்கும். தாருக்குக் கீழே தெரிவது கடைசி வரி மட்டும்: 'விற்பது தண்டனைக்குரிய குற்றம்.' எங்கள் கடையில் வாழைப்பழம் வாங்குகிறவர்கள் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூடம் வந்தது. மலை சுற்றுகிறவர்கள் முதலில் எங்கள் கடையைத் தாண்டி, பிறகு பள்ளிக்கூடத்தைத் தாண்டுவார்கள். இந்த வரிசையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனதே இதனால்தான்.

ஒரு வியாழக்கிழமை கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. காலேஜில் ஸ்டிரைக் என்பதால் (சட்டக் கல்லூரியில் அதுவும் ஒரு பாடம் மாதிரிதான்) வேலூரிலிருந்து நான் வீட்டுக்கு வந்திருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியவர் சுகாதாரத் துறை ஆய்வாளர் தமிழரசி மேடம். பருத்திப் புடவை, நெற்றியில் விபூதி, குரலை உயர்த்தாமல் பேசும் பழக்கம். இப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"பள்ளிக்கூடத்துலருந்து நூறு கஜத்துக்குள்ள பீடி சிகரெட் விக்கக் கூடாதுங்க. உங்களுக்கும் தெரியும்" என்றார் அப்பாவிடம்.

"கடைதாங்க மொதல்ல வந்துச்சு. ஸ்கூல் பின்னாடி வந்துச்சு" என்றார் அப்பா.

"அதுக்கு நான் ஸ்கூலை எடுக்கச் சொல்ல முடியுமா? சரக்கை எடுத்துடுங்க. இனிமே விக்க மாட்டேன்னு இதுல ஒரு கையெழுத்து, சின்னதா ஒரு அபராதம். அவ்வளவுதான். கையெழுத்துப் போடலைன்னா நான் பஞ்சாயத்துக்கு எழுதியாகணும். இந்த மாசம் உங்க கடை லைசென்ஸ் புதுப்பிக்கணும் இல்ல? அது நின்னுடும்."

அப்பா பேனாவை வாங்கிவிட்டார். மூடியையும் கழற்றிவிட்டார். அம்மா உள்ளேயிருந்து, "போட்டுத் தொலைங்க, அந்தக் கயிறாவது போவட்டும்" என்றாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"அப்பா, கையெழுத்துப் போடாதீங்க! எதிர்த்தரப்பு வாதம் கேக்காம உத்தரவு போட முடியாது."

எதிர்த்தரப்பு என்று நான் சொன்னது பனியனோடு நின்றுகொண்டிருந்த என் அப்பாவை.

தமிழரசி மேடம் என்னைப் பார்த்தார். அப்பா பெருமையும் சங்கடமுமாக, "எம் பொண்ணுங்க. லா படிக்குது" என்றார்.

"எத்தனாவது வருஷம்?"

"முதல்" என்றேன், கடைசி வருஷம் என்று சொல்கிற தோரணையில்.

அவர் சிரிக்கவில்லை. "சரி. எழுத்துல பதில் குடுங்க. திங்கக்கிழமை வேங்கிக்கால் ஆபீசுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வியாழக்கிழமை பௌர்ணமி. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஒரு மாதத்துச் சாப்பாடு அந்த ஒரு நாளில் இருக்கிறது. கடை போனால் சோறும் போகும், என் காலேஜ் படிப்பும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் குறுக்கே பாய்ந்தேன். அவ்வளவு நம்பிக்கை, என் மேல் எனக்கு.

இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டினேன். உண்மையில் என்னிடம் இருந்தது ஒரு வகுப்பு நோட்டுதான். அதில் ஏதோ ஒரு மாநிலத்து மதுக்கடை வழக்கைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் சொன்னதைக் கிறுக்கி வைத்திருந்தேன். கோயிலுக்கும் மதுக்கடைக்கும் இடையே உள்ள தூரத்தை, 'ஒரு பாதசாரி வழக்கமாக நடந்து செல்லும் வழியில்' அளக்க வேண்டும். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. (வேறு மாநிலம், வேறு சரக்கு. சிலிர்ப்பில் அது கண்ணில் படவில்லை.)

எங்கள் ஊரில் ஒரு பாதசாரி வழக்கமாக எந்த வழியில் நடப்பார்? மலையை வலமாகத்தான் சுற்றுவார். எதிர்த் திசையில் யாராவது சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ஆகவே பள்ளிக்கூட வாசலிலிருந்து புறப்படும் பாதசாரி மலையை வலமாக முழுக்கச் சுற்றித்தான் எங்கள் கடைக்கு வந்து சேர முடியும். நூறு கஜமாவது? பதினான்கு கிலோமீட்டர்!

இதை ஏழு பக்கத்துக்கு எழுதினேன். 'தொன்றுதொட்டு', 'ஐதீகம்', 'மரபின் வழிப்பட்ட நடைவழி' என்றெல்லாம் வார்த்தைகள் போட்டேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்போ ஸ்கூல் நம்ம கடைக்கு ரொம்ப தூரம்ன்ற" என்றார்.

"சட்டப்படி, ஆமாம்ப்பா."

"இங்கேருந்து பெல் சத்தம் கேக்குதே?" என்றாள் அம்மா.

"சத்தம் சாட்சியம் ஆகாதும்மா."

திங்கட்கிழமை அப்பா வெளுத்த வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போவதுபோல் தயாராகி என்னோடு வேங்கிக்காலுக்கு வந்தார். தமிழரசி மேடம் ஏழு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தில் தண்ணீர் குடித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவர் தோள் லேசாகக் குலுங்கியது. என் வாதத்தின் வலிமை அவரை ஆட்டிவிட்டது என்று நினைத்தேன்.

"அந்த ஸ்கூல் பிள்ளைங்க சாயந்திரம் பதினாலு கிலோமீட்டர் சுத்தித்தான் வீட்டுக்குப் போகுதுங்களா?"

"பிள்ளைகள் தனி வகுப்பு மேடம். நான் சொல்வது வழக்கமான பாதசாரி."

"சிகரெட் குடிக்கிறவன் சாமி சுத்திட்டுத்தான் குடிப்பானா?"

"குடிப்பவனுக்கும் பக்தி உண்டு மேடம்" என்றேன். அப்பா என் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினார்.

அவர் ஏழு பக்கத்தையும் சேர்த்து மேசையில் தட்டி அடுக்கினார். பிறகு, "மாசாமாசம் நானும் மலை சுத்தறேன்மா. யாரும் எதிர்ல சுத்த மாட்டாங்க, அது நெஜம்தான். மனு குடுத்துட்ட. விசாரிக்காம விட முடியாது. அளந்துடலாம்" என்றார்.

"எதை மேடம்?"

"நீ சொன்ன தூரத்தை. புதன்கிழமை காலைல ஆறு மணி, ஸ்கூல் வாசல். பௌர்ணமி அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, நானும் முந்தின நாளே சுத்தி முடிச்சுக்கறேன். ரோடு அளக்கிற சக்கரம் கொண்டு வரேன். நீதான் உருட்டணும். உன் மனு, உன் அளவு."

நான் வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். அப்பா ஏதோ ரசீது வாங்க வேண்டும் என்று உள்ளேயே இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல பாப்பா, சீல் வெச்சுக் குடுத்தாங்க" என்றார்.

ரோடு அளக்கிற சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். நீளமான கைப்பிடி, அடியில் ஒரு சக்கரம். உருட்டிக்கொண்டு நடந்தால் மீட்டருக்கு ஒரு 'டிக்'. மேலே எண் ஏறிக்கொண்டே போகும். "தூக்கக் கூடாது, பின்னாடி உருட்டக் கூடாது. உருட்டினா எண் கெட்டுடும், மறுபடியும் மொதல்லருந்து வரணும்" என்றார் மேடம். பள்ளிக்கூட வாசலில் அப்பா சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டி, அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டியாக இருந்தால் ஏறி நசுக்கியிருக்கும். இது பழத்தின் மேல் ஏறி, வழுக்கி, என் கால் கட்டைவிரலில் இறங்கியது. மலை சுற்றும்போது செருப்புப் போடக் கூடாது அல்லவா? 'மரபின் வழிப்பட்ட நடைவழி' என்று எழுதியவள் எப்படிச் செருப்புப் போடுவாள்?

முதல் ஒரு கிலோமீட்டர் ராணி மாதிரி நடந்தேன். மலையைச் சுற்றியிருக்கும் எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான வாயுலிங்கத்துக்கு முன்னால் டீக்கடை சம்பத் அண்ணன், "இன்னாம்மா, ரோட்ட அளந்துக்கினு வர?" என்று கேட்டார். 'எங்கள் கடை விவகாரம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லையே! "கவர்ன்மென்ட் அளவைண்ணா. மலை முழுக்க அளக்கிறோம்" என்றேன்.

சம்பத் அண்ணன் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்தார்.

குபேரலிங்கம் வருவதற்குள் எங்களுக்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள், கடையையெல்லாம் இடிக்கப் போகிறார்கள், நூறு கஜத்துக்குள் எது இருந்தாலும் ஜப்தி. ஆளுக்கு ஒன்று சொல்லி, எல்லோரும் எல்லாவற்றையும் நம்பினார்கள். எங்களைப் பார்த்ததும் ஷட்டர்கள் படபடவென்று இறங்கின. சிகரெட் பாக்கெட்டுகள் அரிசி மூட்டைக்கு அடியில் போயின. ரோட்டை நோக்கி நீட்டியிருந்த கூரைகள் உள்ளே இழுக்கப்பட்டன. ஒருவர் தன் கடையின் முன்படியையே கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நோட்டீஸ் குடுத்தும் உள்ள போகாத கூரைம்மா இது" என்றார் மேடம், ரசித்துப் பார்த்துக்கொண்டே. "நீ அடிக்கடி லீவுக்கு வா."

பெரிய கோயில் பக்கம் வந்தபோது வேறு வகைத் தொல்லை. ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது. தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். நான் வெறுங்காலோடு, வியர்த்து, ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு மலை சுற்றுவது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். நான் மறுப்பதற்குள் அப்பா, "ஆமாங்க, வேண்டுதல்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஒரு அம்மா சக்கரத்துக்குக் குங்குமம் வைத்தார். இன்னொருவர் கைப்பிடியில் மல்லிகைச் சரம் சுற்றினார். ஒரு பெரியவர் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்லவேளை, முன்னால் இருந்து ஒற்றினார். பின்னால் இழுத்திருந்தால் எண் கெட்டிருக்கும்.

செங்கம் ரோட்டில் ஆசிரமப் பகுதியைத் தாண்டும்போது வெள்ளைக் குர்தா போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த 'டிக்... டிக்...' சத்தத்தைக் கேட்டபடி, கண்ணைப் பாதி மூடி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே எமலிங்கம் வரைக்கும் வந்தார். அங்கே என்னை வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு அந்தச் சக்கரத்தால் நிம்மதி அடைந்த ஒரே ஆள் அவர்தான்.

நிருதிலிங்கத்துக்குப் பிறகு ரோடு கொதித்தது. பங்குனி வெயில். பாதத்தில் கொப்புளம் எழும்பிவிட்டது. அப்பா குடையை என் தலைக்குப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே வந்தார். மேடம் எங்களுக்கு முன்னால் வாய்க்குள் ஏதோ பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டு, காலையில் புறப்பட்ட அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது.

"அப்பா, திரும்பிடலாமாப்பா?"

அப்பா நின்றார். நிதானமாக யோசித்தார். "எப்படி பாப்பா திரும்பறது? எதிர்ல யாரும் நடக்க மாட்டாங்கன்னு நீதானே ஏழு பக்கம் எழுதியிருக்கே?"

வாயை மூடிக்கொண்டு உருட்டினேன்.

பத்தே முக்கால் மணிக்கு எங்கள் கடை கண்ணில் பட்டது. கடை முன்னால் கூட்டம். சம்பத் அண்ணன் தலைமையில் பாதைக் கடைக்காரர்கள் பதினைந்து பேர், "எங்க அந்தப் பொண்ணு?" என்று நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா ஒரு பெரிய குண்டானை வைத்துக்கொண்டு, ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை வாயைத் திறக்கிற ஒவ்வொருவர் கையிலும் திணித்துக்கொண்டிருந்தாள். குடிக்கிற வாயால் திட்ட முடியாது அல்லவா? அவளுக்குப் பின்னால் பார்த்தேன். சிகரெட் அடுக்கு காலி. பீடிக் கட்டுகளும் இல்லை. புகையும் கயிறும் இல்லை. அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் ஏஜென்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைக் கம்பத்தில் சக்கரத்தை முட்டி நிறுத்தினேன். பதிமூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு மீட்டர். நூறு கஜத்தை விட எவ்வளவோ ஜாஸ்தி! காலில் கொப்புளம், தலையில் வெயில், ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மேடம், அளவைக் குறிச்சுக்குங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்தது.

வாசல் திறந்தது. முப்பது நாற்பது பிள்ளைகள் 'ஹோ' என்று கத்திக்கொண்டு, மலை சுற்றுவதற்கு எதிர்த் திசையில், தொன்றுதொட்டு வந்த மரபையெல்லாம் மிதித்துக்கொண்டு, பத்தே விநாடியில் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். "அக்கா, கடலை மிட்டாய்! அக்கா, ரெண்டு!" அம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தமிழரசி மேடம் அந்தப் பிள்ளைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்கல்லாம் மலை சுத்திட்டு வந்த மாதிரி தெரியலையேம்மா" என்றார்.

முதலில் சிரித்தது அப்பா. பிறகு சம்பத் அண்ணன். பிறகு சர்பத் குடித்துக்கொண்டிருந்த பதினைந்து பேரும். என்ன விஷயம் என்று தெரியாமலே பிள்ளைகளும் சிரித்தார்கள். மேடம் கைப்பையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்து, ஒரு நுனியை அங்கே ஜீப்போடு காத்திருந்த டிரைவரிடம் கொடுத்துப் பள்ளிக்கூட மதில் வரைக்கும் இழுத்தார். நாற்பத்தொரு மீட்டர். நூறு கஜத்தில் பாதிகூட இல்லை.

"நீ எழுதினது மதுக்கடைக்கு உள்ள விதிம்மா. அதுவும் நம்ம ஊர் விதி இல்ல. புகையிலைக்கு வேற. ஸ்கூல் மதில்லருந்து எந்தப் பக்கம் பாத்தாலும் நேர்கோட்டுல நூறு கஜம். நடக்கிற வழி, சுத்தற வழி எதுவும் கணக்கில்ல."

"அப்போ எதுக்கு மேடம் என்னை நடக்க வெச்சீங்க?"

"நீ கேட்டியே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கடைப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கால் வலி கொஞ்சம்தான். நாளைக்குப் பௌர்ணமி, என் வாய்க்கொழுப்பால் அப்பாவின் கடையை நானே மூடிவிட்டேனே என்ற நினைப்புதான் தாங்கவில்லை. "லைசென்ஸ் நின்னுடுமா மேடம்? அப்பா மேல தப்பில்ல மேடம், அவர் அன்னிக்கே கையெழுத்துப் போட வந்தார், நான்தான் தடுத்தேன்" என்று விக்கி விக்கிச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் நேர்மையான வாதம் அதுதான்.

மேடம் என் பக்கத்தில், அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். "உங்க அப்பா சின்னப் பிள்ளைங்களுக்கு விக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். ஆனா மிட்டாய் வாங்க வரும்போதெல்லாம் அது அவங்க கண்ணுல பட்டுக்கினே இருந்துச்சு இல்ல? இப்போ பாரு, எலுமிச்சம்பழம்தான் தெரியுது. கடைக்கு ஒண்ணும் ஆகாது. எழுந்து சர்பத் குடி" என்றார். பிறகு ஒரு தாளில் இரண்டு அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பௌர்ணமிக்குக் கடை திறந்திருந்தது. நன்னாரி சர்பத் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. மறுவாரம் லைசென்ஸும் வந்தது. மேடத்துக்கு என் அழுகையைப் பார்த்து மனசு இளகிவிட்டது என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு வந்த பிறகு ஒருநாள் தமிழரசி மேடத்தைக் கடையில் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், மாசாமாசம் மலை சுற்றுவது மட்டும் நிற்கவில்லை. சர்பத் குடித்துக்கொண்டே, "உனக்கு இன்னும் சொல்லலையா இவரு?" என்றார். அப்பா அவசரமாகச் சோடா பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். அந்தத் திங்கட்கிழமை, 'சீல்' வைக்க உள்ளே நின்ற இரண்டு நிமிஷத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அபராதமும் கட்டிவிட்டார். இனி சிகரெட் விற்கமாட்டேன், சரக்கைப் புதன்கிழமைக்குள் திருப்பிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கும் அன்றைக்கு மதியமே தெரியும். வழக்கு முடிந்துபோனது தெரியாமல் மலையைச் சுற்றியது நான் ஒருத்திதான்.

"இவரு கையெழுத்துப் போட்டதும், இனிமே அளக்க வேணாம், உன்னை உள்ள கூப்பிட்டு விதியைக் காட்டி அனுப்பிடலாம்னுதான் இருந்தேன்" என்றார் மேடம். "உங்க அப்பாதான் கேட்டுக்கினாரு. 'அளக்கறது மட்டும் அளந்துடுங்க மேடம். பொண்ணுக்கு மொதல் கேஸு. இங்க ரூமுக்குள்ளயே தோத்துச்சுன்னா அப்புறம் வாயே தெறக்காது. வெளிய நடந்து தோக்கட்டும். கூட நான் வரேன்'னாரு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டில்களிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. குடை பிடித்துக்கொண்டு வந்தது, பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தது, 'வேண்டுதல்தான்' என்று கும்பிட்டது எல்லாம் ஞாபகம் வந்தது. தோற்ற கேஸ் என்று தெரிந்தே பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு கூட நடந்த கட்சிக்காரர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது எதையாவது எவ்வளவு தூரம் என்று கேட்டால் நேரான பதில் வராது. "வக்கீலம்மா வழியிலயா, ஸ்கூல் பிள்ளைங்க வழியிலயா?" என்றுதான் கேட்பார்கள். என் கணவர் கல்யாணமான மூன்றாம் நாளே இதைக் கற்றுக்கொண்டுவிட்டார். மேடம் எழுதிக் கொடுத்த தாளை அப்பா லேமினேட் செய்து, முன்பு சிகரெட் அடுக்கு இருந்த இடத்தில், எலுமிச்சம்பழத்துக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். இதற்கு முன்னால் மட்டும் வாழைத்தார் தொங்கவிடுவதில்லை.

சர்பத் குடிக்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். போன வாரம் என் ஜூனியரும் கேட்டிருக்கிறாள்.

"எம் பொண்ணோட மொதல் கேஸும்மா" என்றிருக்கிறார் அப்பா.

"மேடம் ஜெயிச்சாங்களா?"

"பதிமூணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தேழு மீட்டர் வரைக்கும் ஜெயிச்சுக்கினேதான் வந்துச்சு" என்றாராம் அப்பா, டம்ளரைத் துடைத்துக்கொண்டே. "கடைசி நாப்பத்தோரு மீட்டர்லதாம்மா போச்சு."